மர்ம நாவலை மதிப்பிடுவது எப்படி?



எனக்குப் பதினைந்து வயதாயிருந்த காலத்தில், எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு துப்பறியும் நாவலை இரவல் பெற்று வந்தேன். அட்டை கிழிந்து, மூலைகள் மடங்கி, பல கைகள் பட்டுப் பழுத்த புத்தகம் அது. அன்றிரவு வீட்டார் யாவரும் உறங்கிய பின்னர், விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். ஒரு செல்வர் தம் அறையிலே இறந்து கிடக்கிறார். வீட்டிலே ஏழு பேர் இருக்கின்றனர். எழுவர்க்கும் அவர்மீது ஏதோ ஒரு மனக்கசப்பு உண்டு. ஆவலோடு இருபதாம் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே ஒரு பெயரின் கீழே பென்சிலால் அழுத்தமாகக் கோடு கிழித்து, பக்கத்தின் ஓரத்திலே "இவன்தான்" என்று எனக்கு முன்னர் படித்த ஒருவர் எழுதி வைத்திருந்தார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு தாளும் குறையவில்லை. ஓர் எழுத்தும் அழியவில்லை. ஆயினும் அதிலே ஒரு களவு நடந்திருந்தது. ஐயுற்று, ஆராய்ந்து, தவறி, மீண்டும் ஆராய்ந்து உண்மையைக் காணும் உரிமை ஒவ்வொரு வாசகனுக்கும் உண்டு. அந்த உரிமையைத்தான் அந்தப் பென்சில்காரர் என்னிடமிருந்து கவர்ந்து சென்றார்.

அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் வளர்ந்து, பத்திரிகைகளிலே வரும் நூல் மதிப்புரைகளைப் படிக்கத் தொடங்கிய பின்னர், அவருக்குத் துணைவர் பலர் உளர் என்பதை அறிந்துகொண்டேன். மர்ம நாவலுக்கு மதிப்புரை எழுதுவோரில் ஒரு சாரார், கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்துவிட்டு, இறுதியில் "நூல் நன்று" என்று இரண்டு சொற்களைச் சேர்த்து விடுகின்றனர். மற்றொரு சாரார், எதைச் சொன்னாலும் மர்மம் வெளிப்பட்டுவிடுமே என்று அஞ்சி, "கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது" என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். முந்தியவர் நூலையே தந்துவிடுகின்றனர். பிந்தியவர் ஒன்றையும் தருவதில்லை. இவ்விரு சாராருக்கும் இடையே ஒரு வழி உண்டா என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கேள்வி.

இக்கேள்வியைத் தொடுமுன்னர் மூன்றாவது ஒரு சாராரையும் குறிப்பிட வேண்டும். அவர்கள், "துப்பறியும் கதைக்கு மதிப்புரை எதற்கு? அது இலக்கியமாகுமா?" என்று கேட்பவர்கள். இக்கூற்றை மிக வலிமையாக எடுத்துரைத்தவர் அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மன்ட் வில்சன் அவர்கள். 1944ஆம் ஆண்டில் 'நியூயோர்க்கர்' இதழிலே, மக்கள் ஏன் துப்பறியும் கதைகளைப் படிக்கின்றனர் என்று வினவி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதைக் கண்டு சினந்த வாசகர்கள் பலர், "நீர் நல்ல நூல்களைப் படிக்கவில்லை, இதைப் படியும், அதைப் படியும்" என்று கடிதம் எழுதினர். அவரும் அவர்கள் சொன்னவற்றுட் சிலவற்றைப் படித்துப் பார்த்துவிட்டு, 1945இல் இரண்டாவது கட்டுரை எழுதினார். அக்கட்டுரையின் தலைப்பையே, றோஜர் அக்றோயிட்டைக் கொன்றவர் யாராயிருந்தால் நமக்கென்ன என்று பொருள்படுமாறு அமைத்தார். புகைபிடித்தலுக்கும் குறுக்கெழுத்துப் போட்டிக்கும் நடுவே வைக்கத்தக்க ஒரு சிறிய தீய பழக்கம் இது என்பது அவருடைய தீர்ப்பு.

வில்சன் பெரும் படிப்பாளி. அவர் சொற்களை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் எதிர்த் தரப்பிலே நிற்பவர்களையும் சற்று நோக்குவோம். 'பாழ்நிலம்' என்ற நெடும்பாடலை 1922இல் வெளியிட்ட கவிஞர் ரி. எஸ். எலியட், 1927ஆம் ஆண்டிலே தாம் ஆசிரியராயிருந்த இலக்கிய இதழில் துப்பறியும் நாவல்களுக்கு மதிப்புரை எழுதினார். கத்தோலிக்க குருவாகிய றொனல்ட் நொக்ஸ், விவிலியம் முழுவதையும் ஆங்கிலத்திலே பெயர்த்தவர். அவரே 1929இல் துப்பறியும் கதைக்குரிய பத்து விதிகளை வகுத்தார். டொறதி சேயர்ஸ் அம்மையார், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கிய 1920ஆம் ஆண்டிலேயே பட்டம் பெற்றவர். பிற்காலத்திலே தாந்தேயின் பெருங்காவியத்தை மொழிபெயர்க்கும் பணியில் ஈடுபட்டு, அது நிறைவுறுமுன்னரே 1957இல் மறைந்தவர். அவர் துப்பறியும் நாவல்களை எழுதிப் புகழடைந்ததோடு, 1933 முதல் 1935 வரை இலண்டன் 'சண்டே ரைம்ஸ்' பத்திரிகையில் அத்தகைய நாவல்களுக்குத் தொடர்ந்து மதிப்புரையும் எழுதினார். இவர்கள் பொழுதைப் போக்க வேறு வழி அறியாதவர்கள் அல்லர். இவ்வகை நூலிலே ஆராயத்தக்கது ஏதோ உண்டு என்று கண்டமையாலேயே ஆராய்ந்தனர்.

அஃது யாது? முதலாவதாக நான் குறிப்பிடுவது நேர்மை.

நம்முடைய பழைய விடுகதைகளை எண்ணிப் பாருங்கள். தொல்காப்பியர் காலத்திலேயே 'பிசி' என்ற பெயரால் இலக்கணத்தில் இடம்பெற்றது விடுகதை. விடுகதை போடுகின்றவர் விடையை மறைக்கலாம். ஆனால் விடைக்குரிய அடையாளங்களை மறைத்தல் ஆகாது. விடையைக் கேட்டதும், "அடடா, இது எனக்குத் தோன்றாமற் போயிற்றே" என்று நாம் நம்மையே நொந்துகொள்ள வேண்டும். அதை விடுத்து, "இப்படி ஒரு விடையா? இதை யார் கண்டுபிடிக்க முடியும்?" என்று கேட்டோமாயின், அந்த விடுகதை தோற்றுவிட்டது.

நொக்ஸ் அவர்களின் விதிகளும் இதனையே கூறுகின்றன. குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே அறிமுகமாகிவிட வேண்டும். பேய், தெய்வச் செயல் முதலியவற்றால் மர்மம் விடுபடுதல் ஆகாது. எவரும் அறியாத நஞ்சைப் புகுத்துதல் கூடாது. துப்பறிவாளர் காணும் தடயம் ஒவ்வொன்றும் வாசகர் கண்ணுக்கும் உடனே காட்டப்பட வேண்டும். 1930ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே துப்பறியும் நாவலாசிரியர்கள் சேர்ந்து ஒரு கழகம் அமைத்து, ஜி. கே. செஸ்ரர்ட்டனைத் தலைவராகக் கொண்டனர். புதிதாகச் சேர்வோர் இன்றியமையாத தடயத்தை வாசகரிடமிருந்து ஒளிப்பதில்லை என்று உறுதிமொழி கூற வேண்டும் என விதித்தனர். சடங்கு வேடிக்கையானதுதான்; ஆனால் அதன் உட்கருத்து வேடிக்கையன்று.

ஆகவே மதிப்புரையாளன் கேட்கவேண்டிய முதற் கேள்வி, "ஆசிரியர் என்னிடம் நேர்மையாக நடந்துகொண்டாரா?" என்பது. இக்கேள்விக்கு முடிவை வெளியிடாமலே விடை கூறலாம். வில்சன் ஏளனம் செய்த அந்த நாவலையே எடுத்துக்கொள்வோம். அகதா கிறிஸ்டி அம்மையார் 'றோஜர் அக்றோயிட்டின் கொலை' என்ற நாவலை 1926இல் வெளியிட்டார். ஓர் ஆங்கிலக் கிராமம். அங்கே ஒரு செல்வர் தம் படிப்பறையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்து கிடக்கிறார். தொழிலை விட்டு அவ்வூரிலே மரக்கறித் தோட்டம் செய்யவந்த எர்க்யூல் புவாறோ, மண்வெட்டியை வைத்துவிட்டு மீண்டும் துப்பறியப் புறப்படுகிறார். நூல் வெளிவந்தபொழுது, "இது மோசடி" என்று சிலர் கொதித்தனர். "மோசடி அன்று, எவரையும் ஐயுறுவது வாசகரின் கடமை" என்று டொறதி சேயர்ஸ் ஆசிரியைக்காக வழக்காடினார். வழக்கு இன்றும் முற்றாகத் தீரவில்லை. ஆயினும் 2013ஆம் ஆண்டிலே பிரித்தானியக் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தார் வாக்களித்து, அவ்வகை நாவல்களுள் தலைசிறந்தது இதுவே என்று தெரிவு செய்தனர்.

குற்றவாளி யார் என்பதை நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. ஆனால் இவ்வளவு கூறலாம். முதன்முறை படித்து முடித்ததும் எனக்கும் கோபம் வந்தது. ஏமாற்றப்பட்டேன் என்றே எண்ணினேன். பின்னர் நூலைத் திரும்ப எடுத்து, ஆசிரியை எங்கே பொய் சொன்னார் என்று காட்டிவிட வேண்டும் என்ற வீம்போடு வரிவரியாகப் படித்தேன். பொய் அகப்படவில்லை. நான் கவனியாமல் தாண்டிச் சென்ற வாக்கியங்களே அகப்பட்டன. ஏமாற்றியவர் ஆசிரியை அல்லர், என்னுடைய அவசரமே. இவ்வாறு கூறுவதிலே எந்த மர்மமும் வெளிப்படவில்லை. அதேவேளை, நூலைப் பற்றிச் சொல்லவேண்டியது சொல்லப்பட்டும் விட்டது.

இங்கே இரண்டாவது கேள்வி பிறக்கின்றது. முடிவு தெரிந்த பின்னரும் நூல் நிற்கின்றதா?

வில்சன் போன்றோரின் குற்றச்சாட்டுக்கு உண்மையான விடை இதிலேதான் இருக்கிறது. தேங்காயை உடைத்துப் பருப்பை எடுத்தபின் சிரட்டையை எறிவதுபோல, முடிச்சு அவிழ்ந்ததும் எறியத்தக்க நாவல்கள் எண்ணற்றவை. அவற்றைப் பற்றி வில்சன் கூறியது சரியே. ஆனால் எல்லாம் அத்தகையன அல்ல. நம் சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு களவு உண்டு. பொய்க் குற்றச்சாட்டு உண்டு. விசாரணை இன்றி நிறைவேற்றப்பட்ட ஒரு தண்டனை உண்டு. இறுதியிலே அவையின் நடுவே உடைத்துக் காட்டப்படும் தடயமும் உண்டு. அரசியின் சிலம்பிலே இருந்தவை முத்துகள். கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்தவை மாணிக்கங்கள். இதைவிடத் தெளிவான பொருட்சான்றை எந்தத் துப்பறிவாளரும் எந்த நீதிமன்றிலும் காட்டியதில்லை. ஆனால் உண்மைக் கள்வன் பொற்கொல்லன் என்பதை இளங்கோவடிகள் நம்மிடம் மறைக்கவே இல்லை. தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் நம் நெஞ்சு பதறுகிறது. "யார் செய்தது" என்பதற்கு அப்பால், "ஏன் இப்படி நேர்ந்தது, எப்படித் தவிர்த்திருக்கலாம்" என்ற கேள்வியை அது நம்முள் எழுப்புகிறது.

சிலப்பதிகாரத்தைத் துப்பறியும் நாவல் என்று நான் கூறவில்லை. அறிஞர்கள் என்மேல் சினங்கொள்ள வேண்டாம். முடிச்சு அவிழ்ந்த பின்னரும் எஞ்சி நிற்பது எதுவோ அதுவே இலக்கியம் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டினேன். எனவே மர்ம நாவலுக்கு மதிப்புரை எழுதப் புகுவோர், இயலுமாயின் அதனை இருமுறை படித்தல் நன்று. முதன்முறை வாசகனாக, இரண்டாம் முறை நடுவனாக.

நம் தமிழிலும் இவ்வகை நூல்களுக்குக் குறைவில்லை. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆயிரக்கணக்கானோரை வாசிப்பின்பால் ஈர்த்தனர். தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் வழக்கறிஞர்களாகிய கணேஷும் வசந்தும் பின்வந்த தலைமுறையினரின் வீடுகளிலே உறவினர் போலப் பழகினர். எழுத்துக்கூட்டிப் படித்த எத்தனையோ பேரைச் சரளமாகப் படிக்கவைத்தவை இக்கதைகளே என்பதை ஓர் ஆசிரியன் என்ற முறையிலே நான் அறிவேன். ஆனால் இவற்றின் நன்மை தீமைகளை நடுநிலையோடு ஆராய்ந்த மதிப்புரைகள், நான் கண்ட அளவில், மிகச் சிலவே. படித்தவர்கள் ஒளித்துப் படித்தார்கள், வெளியிலே இகழ்ந்தார்கள். ஒளித்துப் படிக்கும் நூலுக்கு நல்ல மதிப்புரை பிறப்பதில்லை; நல்ல மதிப்புரை இல்லாத துறையிலே நல்ல நூலும் தீய நூலும் ஒரே விலைக்குப் போகின்றன.

மூன்றாவது கேள்விதான் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. இந்த நாவல் நம் ஐயத்தை யார்மேல் ஏவுகிறது? ஏவிய பின் அதை என்ன செய்கிறது?

நேயர்களே, இதை விளக்குவதற்கு என் வாழ்விலே நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஆசிரியப் பணியேற்ற சில ஆண்டுகளுள் ஒரு வகுப்புக்குப் பொறுப்பாயிருந்தேன். சுற்றுலாவுக்கென மாணவரிடம் சேர்த்த காசை ஓர் உறையிலிட்டு மேசையில் வைத்திருந்தேன். இடைவேளை முடிந்து வந்தபோது உறையைக் காணவில்லை. அன்று இடைவேளையில் வகுப்பறைக்குள் தனியே இருந்தவன் ஒரு மாணவன். அவனுடைய சட்டை பழையது. சுற்றுலாவுக்குக் காசு கொடாதவனும் அவன் ஒருவனே. வேறென்ன சான்று வேண்டும்? நான் அவனை எழுப்பி, வகுப்பு முழுவதும் கேட்க, "உறையை எங்கே வைத்தாய்?" என்றேன். எடுத்தாயா என்றுகூடக் கேட்கவில்லை. அவன் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தையும் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை வரவு இடாப்பைத் திறந்தேன். உறை அதற்குள்ளே இருந்தது. நானேதான் வைத்திருந்தேன்.

மறுநாள் அவனைத் தனியே அழைத்து வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்லை, சேர்" என்றான். ஆனால் குற்றஞ்சாட்டியது வகுப்பின் முன்னே. வருத்தம் தெரிவித்தது தனியறையிலே. இது நேர்மையன்று என்பது அப்போது எனக்கு விளங்காமற் போனது. அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவன் என் முகத்தை நேரே பார்த்ததில்லை.

அந்நாட்களிலே நான் வாரத்துக்கு ஒரு துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருந்தவன். முதலிலே ஐயத்துக்குள்ளாகும் வேலைக்காரன் ஒருபோதும் கொலையாளி அல்லன் என்பதைப் பத்தாம் பக்கத்திலேயே சொல்லக்கூடியவன். தாளிலே ஏமாறாதவன் வகுப்பறையிலே ஏமாந்தேன். ஏன்? அந்த வித்தையை ஒரு விளையாட்டாகக் கற்றேனேயன்றி, ஓர் ஒழுக்கமாகக் கற்கவில்லை.

அன்றிலிருந்து மர்ம நாவல்களை வேறொரு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். மலிவான நாவலிலே அயலூரான், ஏழை, வேற்று மொழிக்காரன், உடற்குறையுள்ளவன் ஆகியோரே தீயவராக வருவர். நம் உள்ளத்தில் ஏற்கெனவே கிடக்கும் வெறுப்புக்கு அந்நூல்கள் எண்ணெய் வார்க்கின்றன. நொக்ஸ் தம் விதிகளுள் ஒன்றிலே சீனர் எவரும் கதையில் வருதலாகாது என்று எழுதினார். இன்று கேட்பதற்கு அது கொடிய விதியாகத் தோன்றும். ஆனால் அக்காலத்து மலிவுக் கதைகளிலே சீனர் வந்தாலே அவர்தான் சதிகாரர் என்ற நிலை இருந்தது. அந்தத் தேய்ந்த தந்திரத்தையே அவர் குத்திக்காட்டினார்.

நல்ல நாவலோ இதற்கு மாறாக நடந்துகொள்கிறது. வில்கி கொலின்ஸ் 1868இல் வெளியிட்ட 'சந்திரகாந்தக் கல்' என்ற நாவலை எலியட் பெரிதும் போற்றினார். 1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது கொள்ளைபோன ஒரு வைரம், ஆங்கிலேயக் குடும்பமொன்றின் கையிலே சேர்கிறது. ஓரிரவு அது காணாமற் போகிறது. அவ்வயலிலே திரிந்த மூன்று இந்தியர்மீது உடனே ஐயம் விழுகிறது. முன்னொரு காலத்தில் சிறைசென்று வந்த ஒரு வேலைக்காரப் பெண்மீதும் ஐயம் விழுகிறது. அந்த ஐயங்கள் சரியா, பிழையா என்பதை நீங்களே படித்து அறியுங்கள். ஆனால் நூலின் தொடக்கத்திலேயே கொலின்ஸ் ஒன்றைக் காட்டிவிடுகிறார். அந்த வைரத்தை அதற்குரியோரிடமிருந்து இரத்தக் கறையோடு கவர்ந்தவன் ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி. தம் நாட்டு வாசகரைப் பார்த்து, "கள்வன் யார் என்று தேடுமுன், பொருள் யாருடையது என்று கேளுங்கள்" என்று 1868ஆம் ஆண்டிலே ஓர் ஆங்கில எழுத்தாளர் உணர்த்தினார் என்றால், அது பொழுதுபோக்கு மட்டுமன்று.

நேர்மை உண்டா, முடிவுக்குப் பின்னும் நூல் நிற்கிறதா, நம் ஐயத்தை அது எங்கே கொண்டு செல்கிறது என்னும் இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கூறும் மதிப்புரை, கொலையாளியின் பெயரை மூடி வைத்துக்கொண்டே நூலின் தரத்தைத் திறந்து காட்டிவிடும். இவற்றோடு மொழிநடையையும் நோக்க வேண்டும் என்பதைச் சேயர்ஸ் அம்மையாரிடம் கற்கலாம். கதையமைப்பு எவ்வளவு சிறந்ததாயினும், பிழை மலிந்த நடையை அவர் பொறுத்ததில்லை.

இப்போது நான் பணிபுரியும் பாடசாலையின் நூலகத்திலே மர்ம நாவல்களுக்கென ஓர் அலுமாரி இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையின் உட்புறத்திலும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருக்கிறோம். படித்து முடித்த மாணவர் அதிலே ஐந்து வரிக்குள் தம் கருத்தை எழுதலாம். விதி ஒன்றே: குற்றவாளியின் பெயரோ, அதைக் காட்டிக்கொடுக்கும் குறிப்போ இருத்தல் ஆகாது. பெயரை எழுதவேண்டும் என்ற ஆசையை அடக்குவது சிறுவருக்கு எளிதன்று. அடக்கிய பின்னரே, தாம் படித்ததைப் பற்றி அவர்கள் சிந்திக்கத் தொடங்குகின்றனர்.

சென்ற தவணையிலே அத்தாள்களைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய மதிப்புரை கண்ணிற் பட்டது. அதிலே இரண்டே வாக்கியங்கள் இருந்தன. "இந்தக் கதையில் நான் மூன்று பேரைச் சந்தேகித்தேன். மூன்று பேரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய சட்டையணிந்து, பேசாமல் எழுந்து நின்ற அந்த மாணவன் என் கண்முன்னே வந்தான். எங்கோ ஓரிடத்தில் அவன் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அன்று வகுப்பின் முன்னே சொல்லாததை, இன்று பலரும் கேட்கச் சொல்லிவிட்டேன்.